மாமனுக்கு மூத்த மருமகன்

என் தலைப்பிரசவத்துக்கு என்னை அழைத்துப்போக அம்மா செம்பூருக்கு வந்தபோது எனக்கு ஏழு மாதம், அவளுக்கு ஆறு. என்னுடைய ஏழு மாதத்துக்கு வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, ஐந்து வகைச் சோறு பொங்கி ஊரைக் கூட்டியிருந்தார்கள். அவளுடைய ஆறு மாதம் அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்பாவுக்கு ஒன்று தெரிவதும் தெரியாமல் இருப்பதும் எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. அம்மாவுக்கு அப்போது முப்பத்தாறோ முப்பத்தேழோ. பிறந்த தேதியெல்லாம் அவள் ஊரில் ஆடு மாடுகளுக்கும் கிடையாது, பெண்களுக்கும் கிடையாது. "பெரிய மழை பெஞ்ச வருசம்" என்பாள். எந்தப் பெரிய மழை என்று கேட்டால், "அத மழைகிட்டப் போயிக் கேளு" என்பாள். சின்ன வயதிலேயே கல்யாணமாகி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு ரயிலேறியவள். மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒற்றை அறை. பம்பாயில் அதற்குக் கோலி என்று பெயர். அப்பாவுக்குத் தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் தோல் எடைபோடும் வேலை. நான் பிறந்தேன், எனக்குப் பின்னால் வரிசையாக மூன்று தங்கைகள். ஆண்பிள்ளை இல்லையே என்ற கவலை அப்பாவுக்கு இருந்ததோ இல்லையோ, எங்கள் சந்துக்கு நிறைய இருந்தது. குழாயடியில் அம்மா குடத்தோடு நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி அவளுக்காக ஒரு பெருமூச்சு விடுவாள். எங்கள் சந்தில் தண்ணீருக்குத்தான் தட்டுப்பாடு, பெருமூச்சுக்கு இல்லை.

என்னைக் கட்டிக்கொடுத்த செம்பூர் வீடு வேறு ரகம். இரண்டு அறை. வீட்டுக்குள்ளேயே குழாய். என் மாமியார் அந்தக் குழாயைப் பற்றிப் பேசினால் தாமிரபரணியே திசை திரும்பி அவர் சமையலறைக்குள் பாய்வதாக உங்களுக்குத் தோன்றும். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். ஆனால் குழாய் வந்த பிறகு ஊரை அவ்வளவாக ஒப்புக்கொள்வதில்லை.

வளைகாப்பு அன்று அம்மா சுவரோரமாக உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. சித்திரை வெயிலில் முந்தானையைத் தோளோடு தோள் இழுத்துப் போர்த்தியிருந்தாள். மாமியாரின் கண்ணுக்கு அது தப்புமா?

"என்ன மதினி, இப்படிப் போத்திக்கிட்டு இருக்கிய? காய்ச்சலா?"

"லேசா குளுருது மதினி."

"சித்திரையிலயா?"

"வீட்டுக்குள்ளயே குழாய் இருக்குல்லா. அந்தக் குளுமைதான்" என்றாள் அம்மா.

மாமியாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று அம்மா புளிச்சோற்றை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டதைக்கூட அவர் தன் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

லேபர் கேம்புக்கு வந்த பிறகு என் மசக்கை விசித்திரமான திசைகளில் போனது. எனக்குக் கருவாட்டு வாடையே ஆகாது. ஆனால் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று, "புள்ளைக்குக் கருவாடு திங்கணும்போல இருக்காம். வரும்போது வாங்கிட்டு வாங்க" என்பாள். மறுநாள் எனக்கு நார்த்தங்காய் வேண்டும். அதற்கடுத்த நாள் மாங்காய், அதுவும் கொட்டை முற்றாத மாங்காய். அப்பாவும் பாவம், மகள் ஆசைப்படுகிறாள் என்று மாட்டுங்கா மார்க்கெட்டுக்கும் தாராவிக்குமாக அலைந்தார். வாங்கி வந்ததை நான் ஒரு துண்டு கடிப்பேன். மீதி எப்படித் தீர்ந்தது என்று நான் யோசித்ததே இல்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு யோசனை குறைவு என்பார்கள். எனக்கு அதற்கு முன்னாலும் குறைவுதான்.

எட்டாம் மாதம் முனிசிபாலிட்டி பிரசவ ஆஸ்பத்திரியில் பேர் பதிய அம்மா என்னைக் கூட்டிப்போனாள். பெஞ்சு முழுக்க வயிறுகள். நர்ஸ் ஒரு மராத்திக்கார அம்மாள். என்னை எடை மெஷினில் ஏற்றி இறக்கினார். கேஸ் பேப்பரில் எழுதினார். பிறகு பெஞ்சில் இருந்த அம்மாவைப் பார்த்து, "சலோ, அப் தும்" என்றார். அடுத்து நீ ஏறு என்று அர்த்தம்.

"மை நஹி. மேரா லட்கி" என்றாள் அம்மா. நானில்லை, என் மகள்.

வருடக்கணக்கில் வயிறுகளையே பார்த்துப் பிழைத்தவரை ஒரு நூல்புடவை ஏமாற்றிவிடுமா என்ன? எழுந்து வந்து, இரண்டு விரலால் முந்தானையை ஒதுக்கினார். "கித்னா மஹினா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவைப் போய் எத்தனை மாதம் என்று கேட்கிறாரே, என்ன நர்ஸ் இவர் என்று நினைத்தேன். அம்மா சுவரைப் பார்த்தாள். அங்கே குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் போட்ட படத்தில் ஒரு அப்பாவும் அம்மாவும் அளவான பிள்ளைகளோடு அளவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சாத்" என்றாள் அம்மா. ஏழு. அவ்வளவு சின்னக் குரல் அவளிடம் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

"நானி பன்னே வாலி ஹை, ஷரம் நஹி ஆத்தி?" என்றார் நர்ஸ். பாட்டியாகப் போகிறவளுக்கு வெட்கம் வரவில்லையா என்று. பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அம்மாவின் சின்னக் குரல் அந்த ஒரு சொல்லோடு முடிந்துபோனது. "ஷரம் பி ஆத்தா ஹை பாயி, பச்சா பி ஆத்தா ஹை. க்யா கரேகா?" என்றாள். வெட்கமும் வருகிறது, பிள்ளையும் வருகிறது, என்ன செய்யச் சொல்கிறாய்?

பெஞ்சில் இருந்த வயிறுகளெல்லாம் குலுங்கின. நர்ஸும் சிரித்துவிட்டு, இரண்டாவது கேஸ் பேப்பரை எடுத்தார்.

வெளியே வந்ததும் நான் அவளோடு பேசாமல் முன்னால் நடந்தேன்.

"ஏட்டி, பைய போ. ரெண்டு பேரும் ஓடுத நெலமையிலயா இருக்கோம்?"

"எனக்கு வெக்கமா இருக்கும்மா."

"ஒனக்கு என்னட்டி வெக்கம்? சொமக்குதது நாந்தான?"

"எங்கிட்டக்கூட ஏன் சொல்லல?"

அவள் நின்றாள். "சொல்லியிருந்தா ஒங்க மாமியா ஒன்னைய அனுப்பியிருப்பாளா? 'அம்மக்காரியே வாயும் வயிறுமா இருக்கா, அவ எங்க நம்ம மருமவளப் பாக்கப்போறா'ன்னு அங்கனயே நிறுத்தியிருப்பா. தலப்பிரசவத்துக்கு எம்புள்ள எங்கிட்டதான் இருக்கணும். அதான் போத்திக்கிட்டு வந்தேன்."

ரோட்டோரத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரன் வெள்ளரிக்காயைப் பிளந்து உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அம்மா இரண்டு வாங்கினாள். நிழலில் நின்று தின்றோம். தின்றுகொண்டே, ஏதோ மிளகாய் விலையைச் சொல்வதுபோலச் சொன்னாள்: "கலைக்கத்தான் பாத்தேன். பப்பாளி, எள்ளு, கசாயம், ஒண்ணு பாக்கியில்ல. சவம் அசையல்ல. சரி, பெறக்கட்டும். அப்படி என்ன பெரிய ஆளுன்னு பாப்போம்."

அந்தப் பெரிய ஆள் என் தம்பி. பப்பாளிக்கே அசையாதவனை இன்று அவன் பில்டிங் மீட்டிங்கில் பார்க்கிங் விஷயமாக அசைத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்த அன்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பஜனைக்குக் கிளம்பிவிட்டார். அதுவரை அவருக்கு பக்தி இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒருமுறை, "ஆண்டவன் குடுக்கான், நாம என்ன செய்ய?" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"இந்தக் கோலில ஆண்டவன் எங்கன படுத்திருந்தாரு? நான் பாக்கலியே" என்றாள் அம்மா.

அப்பா ஜால்ராவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

செம்பூருக்கு விஷயம் எட்டாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். கணக்கைக் கெடுத்தது ஒரு கிண்ணம் கஞ்சி. பக்கத்து அறையில் மேலப்பாளையத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர் தாராவியில் தோல் பர்ஸ் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் லாத்தா, அதாவது அக்கா, என்போம். எந்த வீட்டில் யாருக்கு எப்போது வயிற்றைப் புரட்டுகிறது என்பது லாத்தாவுக்குத் தெரியாமல் போகாது. அம்மா விஷயம் அவருக்கு இரண்டாம் மாதமே தெரியும். சொல்லாமல் இருந்தார், அதற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் சொல்லாமல் இருந்தவர் அதைச் சொல்லத் தேர்ந்தெடுத்த நேரம் இருக்கிறதே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமியாரும் என் வீட்டுக்காரரும் பழம், பிஸ்கட்டோடு என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அம்மா வழக்கம்போல் போர்த்திக்கொண்டு அடுப்பு மூலையில் உட்கார்ந்திருந்தாள். லாத்தா இரண்டு கையிலும் இரண்டு கிண்ணத்தோடு உள்ளே வந்தார்.

"ரெண்டு புள்ளத்தாச்சியும் சூடு ஆறதுக்கு முன்னாடி குடிச்சிருங்க. தேங்காய்ப்பால் ஊத்தியிருக்கேன்."

மாமியார் கிண்ணங்களைப் பார்த்தார். "ரெண்டா?" என்றார். என்னைப் பார்த்தார். பாவாடை கட்டிய என் தங்கைகளை ஒவ்வொருவராகப் பார்த்து அவர்களை விடுதலை செய்தார். கடைசியாக அடுப்பு மூலைக்கு வந்தார்.

"மதினி!"

"ஆமா மதினி" என்றாள் அம்மா. முந்தானையைத் தோளிலிருந்து எடுத்து விசிறிக்கொண்டாள். எத்தனை மாதப் புழுக்கம்!

"பேரன் பேத்தி எடுக்குத வயசுல... எனக்கே வெக்கமா இருக்கு."

"எனக்கும் சேத்துப் பட்டுக்கிடுங்க மதினி. எனக்கு நேரமில்ல."

மாமியார் எழுந்தார். "எம்மருமவள நான் கூட்டிட்டுப் போறேன். இங்க யாரு யாரப் பாப்பா?" என்றவர், மகன் பக்கம் திரும்பி, "என்னடா சொல்லுத?" என்றார்.

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை, தகரம்தான். ஆனாலும் நல்ல கவனமாகப் பார்த்தார். கல்யாணமான புதிதில் நான் அதை அமைதியான சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

அம்மா சண்டை போடவில்லை. என் துணிப்பையைக் கொடியிலிருந்து எடுத்து, என் புடவைகளை நிதானமாக மடித்து வைத்தாள். "தாராளமா கூட்டிட்டுப் போங்க மதினி. எனக்கும் ஒத்தாசைதான். நெய்யி, பூண்டு, பெருங்காயம், சுக்கு எல்லாம் இப்பவே வாங்கி வச்சிருங்க. ஆஸ்பத்திரிச் செலவு, குளிப்பாட்ட ஆளு, புள்ளைக்கு அரைஞாண், காப்பு எல்லாம் ஒங்க பாடு. நாங்க தொட்டில் போடுதன்னைக்கு வந்து புள்ளையப் பாத்துட்டு, சாப்பிட்டுட்டுப் போறோம்."

மாமியார் மெதுவாக உட்கார்ந்தார்.

"அதுக்கில்ல மதினி. தலப்பிரசவம் தாய்வீட்டுலதான். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

"இருக்கு" என்றாள் அம்மா. துணிப்பையைத் திரும்பக் கொடியில் மாட்டினாள். லாத்தா கொண்டுவந்த கஞ்சியில் ஒரு கிண்ணத்தை என்னிடம் கொடுத்தாள். இன்னொன்றைச் சம்பந்தியம்மாவின் எதிரிலேயே உட்கார்ந்து, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள்.

எனக்கு வலி எடுத்த அன்று காலை மழை, நகரத்தையே கழுவிக் கவிழ்த்துவிடுவது என்ற முடிவோடு பெய்தது. சந்தில் முழங்கால் தண்ணீர். டாக்ஸிக்காரர்கள் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா எங்கே என்று கேட்காதீர்கள். டாக்ஸி தேடிப் போனவர், எல்லாம் முடிந்த பிறகு டாக்ஸியோடு வந்தார். லாத்தாவின் வீட்டுக்காரர்தான் பட்டறையிலிருந்து தோல் கட்டுகள் ஏற்றும் கைவண்டியை அனுப்பினார். அதை இழுத்து வந்தவர் உத்தரப்பிரதேசத்துக்காரர், பம்பாய் வழக்கில் பையா. நல்ல மனிதர். வாசலில் இரண்டு வயிறுகளைப் பார்த்தார். வலியில் நான் வாயில் துணியைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றேன். அம்மாவோ குடையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவருக்குத்தான் வலி என்று அந்த நல்ல மனிதர் முடிவு செய்ததில் தவறில்லை. "பைட்டோ மாஜி" என்று அம்மாவைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்துவிட்டார்.

"அரே, மேரா நஹி! இஸ்கா, இஸ்கா!" எனக்கில்லை, இவளுக்கு என்று அம்மா வண்டியின் மேலிருந்து என்னைக் காட்டிக் கூவினாள். நான் அந்த வலியிலும் சிரித்தேன். சிரித்ததில்தான் பனிக்குடம் உடைந்தது என்று லாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைப் படுக்கவைத்து, மேலே தோல் மூடும் தார்ப்பாயைப் போட்டு இழுத்தார்கள். அம்மா என் தலைமாட்டில் குடையைப் பிடித்தபடி, ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்துவந்தாள். எட்டு மாதம் முடிந்தவள். அடிக்கு ஒருதரம் வண்டிக்காரரைத் திட்டினாள். அடிக்கு ஒருதரம் என் நெற்றியைத் துடைத்தாள். தார்ப்பாயில் பதனிட்ட தோலின் வாடை. இன்றும் அந்த வாடை எங்காவது அடித்தால் எனக்குப் பயம் போய்விடும்.

பையன் பிறந்தான். எனக்குக் காய்ச்சல் கண்டது. விடாத காய்ச்சல். வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். அம்மா தினமும் தூக்குச்சட்டியில் பூண்டு ரசமும் குழைந்த சோறுமாக வந்து போனாள். அப்படி வந்த ஒரு மத்தியானம் சட்டியைக் கீழே வைத்தாள். என் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"ஏட்டி, நர்ஸக் கூப்பிடு."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா, லேசாத்தான் சுடுது."

"ஒனக்கில்லட்டி, எனக்கு."

எனக்கு ஒரு பகல் முழுவதும் பிடித்த காரியத்தை அவள் அந்த ரசம் ஆறுவதற்குள் முடித்துவிட்டாள். காலியாக இருந்த ஒரே கட்டில் எனக்குப் பக்கத்தது. அங்கேதான் கொண்டுவந்து போட்டார்கள். நான்கு பெண்களுக்குப் பிறகு ஆண்பிள்ளை. சந்தின் பெருமூச்சுகளுக்கெல்லாம் பதில். அம்மா அவனைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா இம்புட்டு?" என்றாள்.

என் பையனுக்குப் பால் இல்லை. காய்ச்சல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டிருந்தது. அவன் கத்தக் கத்த நான் அழுதேன். அம்மா பக்கத்துக் கட்டிலிலிருந்து கையை நீட்டி, "இங்க கொண்டா" என்றாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு பக்கம் பேரனையும் இன்னொரு பக்கம் மகனையும் போட்டுக்கொண்டாள். கத்தல் நின்றது. நான் இன்னும் அழுதுகொண்டிருந்தேன்.

"நீ ஏம்ட்டி அழுவுத? ஒனக்குக் குடுக்க எடமில்ல. தூங்கு" என்றாள்.

தூங்கிவிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த தூக்கம்.

என் மாமியார் பேரனைப் பார்க்க வந்தபோது இந்தக் கோலத்தில்தான் அம்மா இருந்தாள். இரண்டும் ஒரே முனிசிபாலிட்டித் துணியில் சுற்றிய, ஒரே மாதிரிச் சிவந்த, ஒரே மாதிரிச் சுருங்கிய உருண்டைகள். மாமியார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்தார்.

"இதுல எம்பேரன் எது மதினி?"

அப்போது ஒன்று வாயை எடுத்துவிட்டு வீறிட்டது. "குடிச்சுட்டும் கொறை சொல்லுதுல்லா, அதுதான்" என்றாள் அம்மா.

டிஸ்சார்ஜ் ஆகும்முன் அந்த மராத்திக்கார நர்ஸ் வந்து, ஆபரேஷன் செய்துகொள் என்று அம்மாவுக்குப் புத்தி சொன்னார். "எனக்கு எதுக்கு? நான் பெத்து ஓஞ்சுட்டேன். அந்த ஆள அனுப்புதேன், அவுகளுக்குப் பண்ணுங்க" என்றாள் அம்மா. சொன்னபடி செய்தாள். அப்போது ரயில்வே ஸ்டேஷன்களிலேயே கூடாரம் போட்டு ஆண்களுக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால் நடந்து, கூடாரத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா சந்தில் எல்லோரிடமும் குடலிறக்கம் என்று சொன்னார். சந்தில் எல்லோரும் ஆமாம் ஆமாம், குடலிறக்கம் என்றார்கள். பஜனைக்குப் போவது மட்டும் அதன்பிறகு நின்றுபோனது.

ஐந்தாம் மாதம் என்னைச் செம்பூருக்கு அழைத்துப்போக வந்தார்கள். அதற்குள் எனக்கும் ஓரளவு பால் ஊறியிருந்தது. ஆனால் என் மகனுக்குப் பசித்தால் முகம் திரும்புவது அவள் பக்கம்தான். பஸ் ஸ்டாப் வரைக்கும் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அம்மா. கண்ணீர் கிண்ணீர் எதுவும் இல்லை. "சன்னலோரமா உக்காரு. அடிக்கடி காய்ச்சிய தண்ணி குடி. அந்தக் குழாய்த் தண்ணியத்தான், பெருமைக்குன்னு பச்சையாக் குடிக்காத" என்று மாமியார் காதுபடச் சொன்னாள்.

பஸ் வந்தது. அவள் கையிலிருந்து பிள்ளையை வாங்கியதும் அவன் வீறிட்டான். ஏறி உட்கார்ந்து சன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து ஈரம் பரவிக்கொண்டிருந்தது. பிள்ளை அழுத சத்தத்துக்குச் சுரந்துவிட்டது. அம்மா முந்தானையை இழுத்து, தோளோடு தோள் போர்த்திக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பஸ் கிளம்பும்வரை திரும்பவே இல்லை.

என் வீட்டுக்காரர் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியே சோகமாக முடித்துவிடலாம்தான். ஆனால் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டு காதுகுத்தைச் சொல்லாமல் விட்டால் அது அவளைப் பற்றியதாக இருக்காது. பையனுக்கு ஒரு வயது முடிந்ததும் செம்பூர் வீட்டில் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவனோ மருமகனுக்குச் சில நாள் இளையவன். ஒன்றுவிட்ட மாமன் யாரையாவது உட்காரவைத்தால் போயிற்று என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் வாயைத் திறந்து ஒரு யோசனை சொன்னது அநேகமாக அதுதான் முதல் முறை. மாமியார் விடவில்லை. "முறைன்னா முறைதான். கூடப்பொறந்த மாமன் உசுரோட இருக்கும்போது அடுத்தவன் எதுக்கு?" அம்மாவை மடக்குவதாக அவருக்கு நினைப்பு.

அம்மா அசரவில்லை. மணையில் அவளே உட்கார்ந்தாள். மடியில் மாமனை வைத்தாள். மாமன் மடியில் மருமகனை வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு கையால் கட்டிப் பிடித்தாள். இரண்டு தாய்ப்பால் குடித்து வளர்ந்த என் மகன் மாமனைப்போல ஒன்றரைப் பங்கு இருந்தான். அவனுக்கு அடியில் மாமன் இருந்த இடமே தெரியவில்லை. தாராவியிலிருந்து வந்திருந்த ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தாய்மாமன் எங்கம்மா? நேரமாவுது."

"அடியில இருக்காவ" என்றாள் அம்மா, மரியாதையாக.

கூட்டம் சிரித்த சிரிப்பில் குழந்தைகள் இரண்டும் பயந்து கத்தின. ஆசாரி அந்தச் சத்தத்திலேயே குத்தி முடித்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது என் மாமியார் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். புகழ்பெற்ற அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவரும் அம்மாவும் சேர்ந்து சினிமாவுக்கெல்லாம் போனார்கள். போய்விட்டு வந்து, டிக்கெட் எடுத்தது யார் என்று சண்டை போட்டுக்கொள்வார்கள்.

பையன்கள் இரண்டு பேரும் வளர்ந்தார்கள். என் மகன் என் தம்பியை மாமா என்று கூப்பிட மறுத்தான். அம்மா அதற்காக அவனை அடித்தாள். பிறகு, பெரியவனை ஏன் மரியாதை இல்லாமல் பேசுகிறாய் என்று தம்பியை அடித்தாள். விடுமுறை வந்தால் என் மகன் லேபர் கேம்பில்தான். அவளை அவன் ஆச்சி என்று கூப்பிட்டதே இல்லை. தம்பியைப் பார்த்து அவனும் அம்மா என்றான். என்னையும் அம்மா என்றான். இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால் நான்தான் திரும்பிப் பார்ப்பேன். அவன் கூப்பிட்டது அநேகமாக அவளையாக இருக்கும்.

வெகு காலம் கழித்து, வாஷியில் தம்பியின் ஃபிளாட்டில், மருமகள் வைத்த சோறு குழைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, படுத்த அம்மா எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து நான் செம்பூருக்குத் திரும்பியிருந்தேன். என் மகன் அப்போது விக்ரோலியில் ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தான். ஒரு மாலை கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். அவன் ஆபீஸ்காரர்கள் நான்கு பேர் நின்றார்கள். முகத்தைச் சோகமாக வைத்திருந்தார்கள். ஒருவர் கையில் பெரிய மாலை. எல்லோருமே இந்திக்காரர்களும் மராத்திக்காரர்களும். வேலை முடிந்து நேராக வந்திருந்தார்கள்.

"அவர் அம்மா தவறிவிட்டதாகச் சொன்னார். படத்துக்குப் போடலாம் என்று..." என்றார் மாலைக்காரர் இந்தியில். "நீங்கள் அவருக்கு என்ன வேண்டும்?"

"அம்மா" என்றேன்.

அந்த நான்கு முகங்களையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாலைக்காரர் மாலையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ போட்டேன். பாலைக் காய்ச்சிக்கொண்டே, எங்கிருந்து ஆரம்பித்தால் இவர்களுக்குப் புரியும் என்று யோசித்தேன். பிறகு வளைகாப்பிலிருந்து ஆரம்பித்தேன்.